மூன்று சதவீதம்

சிறுபத்திரிகைக்காரர்களான நம்மிடம் ஒரு மூடநம்பிக்கை உண்டு. வாதம் சரியாக இருந்தால் எதிராளி மனம் மாறுவான் என்பது. மாறாவிட்டால் அவன் மூடன், அல்லது நேர்மையற்றவன். மூன்றாவதாக ஒரு காரணம் இருக்கக்கூடும் என்று நமக்குத் தோன்றுவதில்லை. நானும் நாற்பது வருஷங்களுக்கு மேலாக இதே நம்பிக்கையில் எழுதி வந்தவன்தான். என் கட்டுரைகளில் பாதிக்கு மேல் யாரையாவது மறுத்து எழுதியவை. அவற்றில் ஒன்றாவது, யாரை நோக்கி எழுதினேனோ அவருடைய அபிப்ராயத்தை ஒரு நூலிழை அசைத்தது என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஏற்கெனவே என் பக்கம் இருந்தவர்கள் கார்டு போட்டார்கள். சரியான அடி என்றார்கள். அதை வெற்றி என்று எடுத்துக்கொண்டேன்.

1979இல் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் மொட்டைமாடிக் கூட்டங்களுக்கு ஒன்று விடாமல் வந்துகொண்டிருந்த நண்பன் ஒருவன், நல்ல கவிதைகள் என்று பத்துப் பன்னிரண்டு எழுதியவன், வாரப் பத்திரிகை ஒன்றில் தொடர்கதை எழுத ஆரம்பித்தான். நான் அதைக் கண்டித்துப் பதினான்கு பக்கம் எழுதினேன். வெகுஜன ரசனை, அதன் வியாபாரம், கலைஞனின் சரணாகதி, எல்லாவற்றையும் வரிசையாக நிரூபித்திருந்தேன். இன்று எடுத்துப் படித்தாலும் அதில் தர்க்கப் பிழை தென்படவில்லை. அவன் பதில் எழுதவில்லை. தொடர்கதையை நிறுத்தவும் இல்லை. கூட்டங்களுக்கு வருவதைத்தான் நிறுத்தினான்.

இந்தக் கட்டுரை அவனைப் பற்றியதல்ல. மனிதர்களின் மனத்தை மாற்றுவது எப்படி என்ற கேள்வியை, உபதேசத்திலிருந்தும் பிரசங்கத்திலிருந்தும் பிடுங்கி, எண்ணிப் பார்க்கக்கூடிய ஒரு விஷயமாக ஆக்க முயன்ற குர்ட் லெவின் என்ற மனோதத்துவ ஆராய்ச்சியாளரைப் பற்றியது. ஆனால் அவரைப் படிக்கும்போதெல்லாம் அந்தப் பதினான்கு பக்கம் குறுக்கே வந்து நிற்கிறது. அதனால்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

லெவினுக்கு வருமுன், அவர் வேலை பார்த்த இடத்தில் நடந்த ஒரு சம்பவம். 1933 ஏப்ரல் 7ஆம் தேதி ஜெர்மனியில் ஒரு சட்டம் வந்தது. அரசாங்க உத்தியோகங்களிலிருந்து யூதர்களை விலக்கும் சட்டம். பல்கலைக்கழக ஆசிரியர்களும் அதில் அடக்கம். பெர்லின் பல்கலைக்கழக மனோதத்துவ நிலையத்தின் தலைவராக அப்போது இருந்தவர் வோல்ஃப்காங் கோலர். டெனரிஃப் தீவில் சிம்பன்ஸிகள் பெட்டிமேல் பெட்டி அடுக்கி எட்டாத வாழைப்பழத்தை எடுப்பதை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றவர். யூதரல்ல. அவருக்கு ஆபத்தொன்றும் இருக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அவருடைய சகாக்களில் பெரும்பாலோர் அதைத்தான் செய்தார்கள். கோலர் ஏப்ரல் 28ஆம் தேதி ஒரு பெர்லின் நாளிதழில் கட்டுரை எழுதினார். நாஜி ஆட்சியில் அதற்கெதிராகப் பகிரங்கமாக அச்சேறிய கடைசிக் கட்டுரை அதுதான் என்று சொல்வார்கள்.

அது ஆவேசமாக எழுதப்பட்டதல்ல. தேசத்தை நேசிக்கிற நல்ல ஜெர்மானியர் பலர் ஏன் கட்சியில் சேராமல் ஒதுங்கி நிற்கிறார்கள் என்று நிதானமாக விளக்குகிற தொனி. யூதர்கள் ஜெர்மன் விஞ்ஞானத்துக்குச் செய்ததை எடுத்துச் சொல்கிறார். பதவியைத் துறந்திருந்த பௌதிக விஞ்ஞானி ஜேம்ஸ் ஃபிராங்கை உதாரணம் காட்டுகிறார். எதிர்த்தரப்பு காது கொடுத்துக் கேட்கும்படி எப்படி எழுத முடியுமோ அப்படி எழுதப்பட்டது. கட்டுரை வெளிவந்த அன்றிரவு போலீஸ் வரும் என்று எதிர்பார்த்து, நண்பர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு வாத்திய சங்கீதம் வாசித்தபடி காத்திருந்தார் கோலர். யாரும் வரவில்லை. பிறகு கடிதங்கள் வந்தன, ஏராளமாக. நன்றி சொல்லி, பாராட்டி, நாங்கள் நினைப்பதை நீங்கள் எழுதிவிட்டீர்கள் என்று. எல்லாம் தனிக் கடிதங்கள். (நமக்கு வருவதும் அப்படித்தான்.) பதவி நீக்கங்களில் ஒன்றுகூட நின்றதாகத் தெரியவில்லை. இரண்டு வருஷம் தம் நிலையத்தைக் காப்பாற்றப் போராடிவிட்டு 1935இல் கோலர் அமெரிக்காவுக்குப் போய்விட்டார்.

கட்டுரை என்ற வடிவத்தின்மேல் நமக்கிருக்கும் நம்பிக்கையைச் சோதிக்க இதைவிடக் கடுமையான உதாரணம் வேண்டியதில்லை. நியாயம் முழுக்க ஒரு பக்கம். எழுதியவர் பெரிய மனிதர். சொன்ன முறையில் குறையில்லை. தைரியத்துக்கும் பஞ்சமில்லை.

குர்ட் லெவின் அந்த நிலையத்தில்தான் இருந்தார். 1890இல், அன்று பிரஷ்யாவிலும் இன்று போலந்திலும் இருக்கும் மொகில்னோ என்ற சிற்றூரில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். முதல் உலகப் போரில் ஜெர்மன் ராணுவத்தில் சேர்ந்து காயம்பட்டவர். ஹிட்லர் பதவிக்கு வந்தபோது அவர் ஸ்டான்ஃபோர்டில் பாடம் நடத்திவிட்டு, ஜப்பான், ரஷ்யா வழியாக ஊர் திரும்பிக்கொண்டிருந்தார். திரும்பியவர் தங்கவில்லை. அந்த வருஷமே ஜெர்மனியை விட்டார். முதலில் கார்னெல் பல்கலைக்கழகத்தில், அதுவும் மனோதத்துவத் துறையில் அல்ல, குடும்ப விஞ்ஞானக் கல்லூரியில் இரண்டு வருஷம். 1935இலிருந்து அயோவாவில் குழந்தைநல ஆராய்ச்சி நிலையம். பெர்லினிலிருந்து சோளக்காட்டு மாகாணத்துக்கு. இங்கிலீஷைக் கடைசிவரை ஜெர்மன் உச்சரிப்போடுதான் பேசினார்.

இனி, மாட்டின் குண்டிக்காய் பற்றி.

1942ஆம் வருஷம். அமெரிக்கா போரில் இறங்கிவிட்டது. நல்ல இறைச்சியெல்லாம் சிப்பாய்களுக்கும் நேச நாடுகளுக்கும் கப்பலேறுகிறது. உள்நாட்டில் மிஞ்சுவது மாட்டின் நெஞ்சாங்குலை, குண்டிக்காய், கழுத்துச் சுரப்பித் தசை மாதிரியான உள்ளுறுப்புகள். அமெரிக்க நடுத்தரக் குடும்பம் இவற்றைத் தொடாது. ஏழைகளும் நாய்களும் தின்பது என்று எண்ணம். (ஆட்டின் ஈரலையும் சுவரொட்டியையும் குடலையும் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் வரிசையில் நின்று வாங்கும் ஊரில் வளர்ந்தவனுக்கு இது வேடிக்கையாக இருக்கும். ஆனால் மாடு என்றதும் நம்மில் எத்தனை பேர் முகம் மாறுகிறது என்பதை நினைத்துக்கொண்டால் சிரிப்பு அடங்கிவிடும்.) தேசிய ஆராய்ச்சி மன்றம் உணவுப் பழக்கங்களுக்காக ஒரு குழு அமைத்தது. சமோவாவைப் பற்றி எழுதிய மானிடவியலாளர் மார்கரெட் மீட் அதன் நிர்வாகச் செயலாளர். மனிதர்களின் சாப்பாட்டை எப்படி மாற்றுவது என்ற கேள்வி லெவினிடம் வந்தது.

அவர் முதலில் பார்த்தது, உணவு மேஜைக்கு எந்த வழியாக வருகிறது என்பதை. கடை வழியாக வரலாம், தோட்டத்திலிருந்து வரலாம். வழி எதுவானாலும் அதில் ஒரு வாசல் இருக்கிறது. வாசலில் ஒருவர் நிற்கிறார். பெரும்பாலும் அது வீட்டுப் பெண்மணி. ஊர் முழுவதையும் பார்த்து முழங்குவதை விட்டுவிட்டு அந்த வாசலில் நிற்பவரிடம் பேச வேண்டும் என்றார். பிற்பாடு செய்தித்தாள் ஆசிரியர்களைப் பற்றிய ஆராய்ச்சிகளில் பெரிதாக அடிபட்ட வாசல்காப்போன் என்ற கருத்து இப்படி அடுக்களைப் பக்கத்திலிருந்து வந்ததுதான்.

சோதனை எளிமையானது. செஞ்சிலுவைச் சங்கத்தின் வீட்டுச் செவிலிப் பயிற்சிக்கு வந்துகொண்டிருந்த பெண்களில் ஆறு குழுக்கள். குழுவுக்குப் பதின்மூன்றிலிருந்து பதினேழு பேர். மூன்று குழுக்களுக்குச் சொற்பொழிவு, மூன்று குழுக்களுக்கு விவாதம். இரண்டுக்கும் நாற்பத்தைந்து நிமிஷம்.

சொற்பொழிவு மோசமானதல்ல, இதைக் கவனிக்க வேண்டும். நல்ல சொற்பொழிவு. இந்த இறைச்சிகளில் உள்ள வைட்டமின், உலோகச் சத்து, விலைச் சகாயம், போர் முயற்சிக்கு இதனால் ஆகும் உதவி, எல்லாம் படங்களோடு விளக்கப்பட்டன. சமைக்கும் விதம், வாடை போக்கும் விதம் சொல்லப்பட்டன. செய்முறைக் குறிப்புகள் நகலெடுத்துக் கையில் தரப்பட்டன. பேசிய அம்மாள் தம் வீட்டில் இவற்றைச் சமைத்துப் பரிமாறி எல்லோரும் விரும்பிச் சாப்பிட்ட கதையையும் சொன்னார். ஆதாரம், தேசபக்தி, சொந்த அனுபவம் மூன்றும் இருந்தன. நம் கட்டுரைகளில் இரண்டுக்கு மேல் இருப்பதில்லை.

மற்ற மூன்று குழுக்களில் அலெக்ஸ் பவேலஸ் என்ற இளைஞர், லெவினின் மாணவர், பேச்சை ஆரம்பித்து வைத்தார். அவர் யாரையும் எதையும் சாப்பிடச் சொல்லவில்லை. போர்க்காலத்தில் உணவுப் பிரச்னை இப்படி இருக்கிறது. உங்களைப் போன்ற குடும்பப் பெண்களை இவற்றைச் சமைக்கச் சொன்னால் சமைப்பார்களா, எது தடுக்கும் என்று கேட்டார். உங்களைப் போன்றவர்கள் என்பதில்தான் சூட்சுமம். நீங்கள் ஏன் செய்யவில்லை என்றால் மனிதன் தற்காப்புக்குப் போய்விடுவான். உங்களைப் போன்றவர்கள் ஏன் செய்யமாட்டார்கள் என்றால், தன் காரணத்தையே பிறர் காரணமாகத் தாராளமாகச் சொல்வான். பெண்கள் சொன்னார்கள். வேகும்போது வாடை அடிக்கும். புருஷன் தொடமாட்டான். இப்படியாகத் தடைகள் ஒவ்வொன்றாக மேஜைமேல் வந்தன. அதற்குப் பிறகு, அவர்களே இந்த வாடைக்கு ஏதாவது வழியுண்டா என்று கேட்கிற நிலை வந்த பிறகுதான், உணவு நிபுணர் செய்முறைகளைச் சொன்னார். சொற்பொழிவில் தரப்பட்ட அதே செய்முறைகள். ஒரு வார்த்தை கூடுதலில்லை. முன்னதில் யாரும் கேட்காத கேள்விக்குப் பதில். பின்னதில் கேட்ட கேள்விக்குப் பதில். கடைசியில், அடுத்த ஒரு வாரத்துக்குள் இவற்றில் ஒன்றைச் சமைத்துப் பார்க்கத் தயாராக இருப்பவர்கள் கை தூக்கலாம் என்றார்கள்.

பிறகு வீடுகளில் விசாரித்தார்கள். சொற்பொழிவு கேட்டவர்களில், முன்பு சமைத்திராத ஒன்றைப் புதிதாகச் சமைத்தவர்கள் 3 சதவீதம். கூடிப் பேசிக் கை தூக்கியவர்களில் 32 சதவீதம்.

இந்த 3ஐ நான் பல நாள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

லெவின் இதற்குச் சொன்ன விளக்கம் அவருடைய சிந்தனை முழுவதின் திறவுகோல். ஒரு பழக்கம், ஒரு அபிப்ராயம், அசையாமல் நிற்கிறது என்றால் அது கல் மாதிரிச் சும்மா கிடக்கிறது என்று அர்த்தமில்லை. இரண்டு பக்கமும் சக்திகள் இழுத்துச் சமனாகி நிற்கிறது. அதை நகர்த்த இரண்டு வழி. நாம் விரும்பும் திசையில் இன்னும் பலமாகத் தள்ளலாம். அல்லது எதிர்த்திசையில் பிடித்துக்கொண்டிருப்பதைத் தளர்த்தலாம். நகர்ந்த தூரம் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் தள்ளும்போது உள்ளே இறுக்கம் ஏறுகிறது, தளர்த்தும்போது இறங்குகிறது. வண்டி நகரவில்லை என்றால் மாட்டை அடிக்கலாம், சக்கரத்துக்கு அடியில் கிடக்கும் கல்லை எடுத்தும் போடலாம். மாட்டை அடிப்பதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. வண்டியிலிருந்து இறங்க வேண்டியதில்லை.

அதோடு இன்னொன்று. மனிதனின் அபிப்ராயம் அவனுடையது மட்டுமல்ல என்றார் லெவின். அவன் சேர்ந்திருக்கும் கூட்டத்தின் அளவுகோல் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தனியாக ஒருவனை இழுத்தால், அவன் கூட்டத்தை விட்டு விலகும் தூரத்தை உணர்ந்து திரும்பி ஓடுவான். கூட்டமாக நகர்ந்தால் விலகல் என்பதே இல்லை. முதல் பிள்ளை பெற்ற தாய்மார்களிடம் ஆரஞ்சுச் சாறும் மீனெண்ணெயும் கொடுக்கச் சொல்லிப் பின்னால் செய்த சோதனையிலும் இதே கதை. நிபுணர் ஒவ்வொரு தாயிடமும் தனியே இருபது இருபத்தைந்து நிமிஷம் உட்கார்ந்து சொன்னதைவிட, ஆறு தாய்மார்களைச் சேர்த்து உட்காரவைத்துப் பேசி முடிவெடுத்ததே அதிகம் நிலைத்தது. முகத்துக்கு நேரே, தனக்கென்றே தரப்பட்ட கவனத்தைவிட, ஆறில் ஒருத்தியாக இருந்தது பலித்தது. தனிமனிதப் பிரக்ஞையைப் பற்றி இவ்வளவு எழுதிய நமக்கு இது ரசிக்காது.

இந்தச் சோதனையில் ஓட்டைகள் உண்டு. சொற்பொழிவாற்றியவரும் விவாதம் நடத்தியவரும் ஒருவரல்ல. பின்னால் விசாரிக்க வருவார்கள் என்பது விவாதக் குழுக்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது. பிற்காலச் சோதனைகளில் இதைச் சரிசெய்து பார்த்தார்கள்; வித்தியாசம் இருக்கத்தான் செய்தது. 1955இல் எடித் பெல்ஸ் என்பவர் முடிச்சை இன்னும் பிரித்தார். பேசியது முக்கியமல்ல, பகிரங்கமாகக் கை தூக்கியதுகூட முக்கியமல்ல. ஒரு முடிவை எடுத்ததும், மற்றவர்களும் அதே முடிவுக்கு வந்திருக்கிறார்கள் என்று உணர்ந்ததுமே காரணம் என்று அவருடைய ஆராய்ச்சி காட்டியது.

லெவினின் மாணவர் லியோன் ஃபெஸ்டிங்கர் இதை வேறொரு திசையில் கொண்டுபோனார். நம்பிக்கை வந்து அதன்படி காரியம் செய்கிறோம் என்று நினைக்கிறோம். காரியத்தைச் செய்துவிட்டு அதற்கேற்ற நம்பிக்கையைத் தேடிக்கொள்வதும் அதே அளவு நடக்கிறது. 1959இல் வெளியான அவருடைய சோதனையில், மகா அலுப்பான ஒரு வேலையைச் செய்துவிட்டு, சுவாரஸ்யமாக இருந்தது என்று அடுத்தவரிடம் பொய் சொல்ல ஒரு டாலர் வாங்கியவர்கள், வேலை அவ்வளவு மோசமில்லை என்று நிஜமாகவே எண்ண ஆரம்பித்தார்கள். இருபது டாலர் வாங்கியவர்களுக்கு அந்த அவசியம் ஏற்படவில்லை. பணத்துக்காகச் சொன்னோம் என்று அவர்களுக்குத் தெரியும்.

இதைப் படித்தபோது எனக்கு 1971 ஞாபகம் வந்தது. அன்று நான் யாப்பின் பக்கம் நின்றவன். புதுக்கவிதைக்கு எதிராக வெண்பாவிலேயே கிண்டல் எழுதியிருக்கிறேன். புதுக்கவிதைக்காரர்கள் எழுதிய வாதங்கள் அத்தனையையும் படித்தேன். ஒவ்வொன்றும் என்னை இன்னும் கெட்டிப்படுத்தியது. ஒரு பத்திரிகை நடத்தியவர் கண் நோவில் படுத்தபோது, அச்சகத்தில் புரூஃப் பார்க்க ஆளில்லை என்று என்னைக் கேட்டார். மறுக்க முடியவில்லை. ஈரம் காயாத காலித் தாள்களில் அந்தக் கவிதைகளை எழுத்தெழுத்தாக இரண்டு தடவை படித்தேன். ஓரிடத்தில் வரியை எங்கே உடைப்பது என்பதில் கம்போஸிட்டருக்கும் எனக்கும் தகராறு. இங்கேதான் உடைய வேண்டும், இல்லையென்றால் மூச்சு நிற்காது என்று அவரிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு நடந்து வரும்போதுதான், யாருக்காக யாரோடு வாதாடினேன் என்பது உறைத்தது.

அதே போர்க்காலத்தில் அமெரிக்க ராணுவம் கார்ல் ஹாவ்லண்ட் என்பவரைக் கொண்டு வேறொரு சோதனை நடத்திக்கொண்டிருந்தது. ஃபிராங்க் காப்ரா எடுத்த பிரசாரப் படங்களைச் சிப்பாய்களுக்குக் காட்டி, முன்னும் பின்னும் கேள்வித் தாள் கொடுத்தார்கள். போர் பற்றிய தகவலறிவு வெகுவாகக் கூடியிருந்தது. சண்டை போடும் ஆர்வம் ஏறவில்லை. அவர்களே செய்த மற்றொரு சோதனை நமக்கு உபயோகமானது. ஏற்கெனவே உடன்பட்டிருப்பவனை ஒருபக்க வாதம் பலப்படுத்தும். எதிர்ப்பவனிடம் அவன் தரப்பையும் ஒப்புக்கொண்டு பேசினால்தான் கொஞ்சமாவது பலிக்கும். இதன்படி பார்த்தால் நம் கண்டனக் கட்டுரைகள் யாருக்காக எழுதப்படுகின்றன என்பது தெரிந்துவிடுகிறது.

இத்தோடு நிறுத்தினால் லெவினை ஒரு ரட்சகராக ஆக்கியதாகும். அது சரியாகாது. அந்த வட்டத்தை மறுபடி பார்க்க வேண்டும். பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், சுதந்திரமாகப் பேசுகிறார்கள், முடிவெடுக்கிறார்கள். ஆனால் எந்த முடிவு எடுக்கப்பட வேண்டும் என்பது அவர்கள் வருவதற்கு முன்பே வாஷிங்டனில் எடுக்கப்பட்டுவிட்டது. செய்முறைக் குறிப்பு நிபுணரின் பையில் தயாராக இருக்கிறது. எது தடுக்கிறது என்ற கேள்வியைக் கேட்பவருக்கு, எதை நோக்கித் தடுக்கிறது என்பதில் சந்தேகமே இல்லை. லெவின் இதை ஜனநாயகம் என்று மனமார நம்பினார். எதேச்சாதிகாரத் தலைமைக்கும் ஜனநாயகத் தலைமைக்கும் உள்ள வேற்றுமையைச் சிறுவர் குழுக்களில் 1939இல் ஆராய்ந்து காட்டியவர் அவர். போருக்குப் பின் ஜெர்மானியரை ஜனநாயகத்துக்கு எப்படித் திருப்புவது என்று 1943இலேயே கட்டுரைகள் எழுதியவர். பெர்லினில் எது தோற்றதோ அதை அயோவாவில் ஜெயிக்க வைக்கப் பார்த்தார் என்றுகூடச் சொல்லலாம்.

மனமாற்றத்தை அவர் 1947இல் மூன்று கட்டங்களாகச் சொன்னார். உறைந்திருப்பதை இளக்குவது, நகர்த்துவது, புதிய இடத்தில் மறுபடி உறைய வைப்பது. சில வருஷம் கழித்து, கொரியப் போரில் சீனர்களிடம் சிறைப்பட்டுத் திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களை எட்கர் ஷைன் என்ற மனோதத்துவ ஆராய்ச்சியாளர் பேட்டி கண்டார். முகாமில் என்ன நடந்தது? பதவி வரிசையைக் குலைத்தார்கள். வீட்டுக் கடிதங்களில் பிரியமானவை கைக்குச் சேரவில்லை. சிறு சிறு குழுக்களாக உட்காரவைத்துப் படிக்கவும் விவாதிக்கவும் தங்களைத் தாங்களே விமர்சிக்கவும் வைத்தார்கள். நடந்ததை விளக்க ஷைனுக்குக் கிடைத்த மிகப் பொருத்தமான சட்டகம் லெவினின் அதே மூன்று கட்டங்கள். 1961இல் வந்த அவருடைய புத்தகம் அதைத்தான் செய்கிறது. ராபர்ட் லிஃப்டன் ஹாங்காங்கில் உட்கார்ந்து, சீனச் சிறைகளிலிருந்து வந்த பாதிரிமார்களிடமும் அறிவாளிகளிடமும் கேட்டு எழுதியதும் அதே வருஷம்தான் வந்தது. அங்கும் அறையில் ஒரு வட்டம். சக கைதிகள்தான் சுற்றி இருப்பவர்கள். கேள்வி கேட்பவர்களும் அவர்களே. உண்மையில் நம்பிக்கை மாறியவர்கள் மிகச் சிலர் என்று இருவருமே சொல்கிறார்கள். ஆனால் வட்டம் வேலை செய்தது. கிடைத்த வாக்குமூலங்கள் அதற்குச் சாட்சி.

குண்டிக்காய்க்கும் சிறைமுகாமுக்கும் முடிச்சுப் போடுவது அநியாயம் என்பீர்கள். அயோவாப் பெண் எழுந்து வீட்டுக்குப் போகலாம். கைதி போக முடியாது. அந்த வித்தியாசம் பெரிது, அதைக் குறைக்க நான் முயலவில்லை. ஆனால் கை தூக்கச் சொன்ன அந்தக் கணத்தில், தூக்காத பெண் என்ன நினைத்திருப்பாள் என்று லெவின் எங்காவது கேட்டாரா என்று தேடினேன். நான் படித்தவற்றில் காணவில்லை. சொற்பொழிவு கேட்ட பெண்ணுக்கு அந்தக் கணம் வரவேயில்லை. அவள் குறிப்பை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல், வீட்டுக்குப் போய் வழக்கமானதைச் சமைத்தாள். வாதம் அவளை விட்டுவைத்தது. 3 சதவீதம் மட்டும் தனியாக யோசித்து, தனியாகக் கடைக்குப் போய், அந்த வாடையைத் தனியாகத் தாங்கிக்கொண்டு சமைத்திருக்கிறார்கள். சிறுபத்திரிகை ஏதாவது செய்கிறதென்றால் இந்த 3க்காகத்தான் என்று ஒரு சமாதானம் என்னிடம் பல வருஷம் இருந்தது. அழகான சமாதானம். பதினான்கு பக்கத்தை எடுத்துப் பார்த்தால் அது நிற்பதில்லை. நான் யாரையும் விட்டுவைக்கவில்லை. எங்கள் வட்டத்துக்கு முன்னால் அவனை நிறுத்திவைத்துத்தான் எழுதினேன். மற்றவர்கள் எல்லாம் கை தூக்கினார்கள்.

லெவினின் தாய் ஐரோப்பாவிலேயே இருந்தாள். அமெரிக்காவுக்கு அழைத்துக்கொள்ள அவர் எடுத்த முயற்சிகள் பலிக்கவில்லை. நுழைவுச்சீட்டுக்காக எழுதிய மனுக்களும் வாதங்கள்தானே. படித்தவர்கள் யாரும் மனம் மாறவில்லை. அயோவாவில் அவர் இந்தச் சோதனைகளை நடத்தி எழுதிக்கொண்டிருந்த வருஷங்களில் அவள் போலந்தில் நாஜிகளின் முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டுக் கொல்லப்பட்டாள். அந்த முகாம்களுக்கு ரயில் ஓட்டியவர்கள், பட்டியல் தயாரித்தவர்கள் எல்லோருமே ஏதோ ஒரு கூட்டத்தில் மற்றவர்களோடு சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்தவர்கள்தான். லெவின் 1947 பிப்ரவரியில், 56 வயதில், இதயம் நின்று இறந்தார்.

நண்பனை 1994இல் ஒரு கல்யாண வீட்டில் பார்த்தேன். பந்தியில் பக்கத்து இலை. தொடர்கதை எழுதுவதை எப்போதோ விட்டுவிட்டிருந்தான், கவிதையும் எழுதவில்லை. ரசத்துக்கும் மோருக்கும் நடுவில், நானாகக் கேட்காமலே சொன்னான்.

"நீ எழுதினது எல்லாம் எனக்கு முன்னாடியே தெரியும். உன்னைவிட நல்லாவே தெரியும். ஏன் எழுதறேன்னு நீ ஒரு தடவைகூடக் கேக்கலியே."

சரி, இப்போது கேட்கிறேன், ஏன் எழுதினாய் என்றேன்.

"இப்ப எதுக்கு?" என்று சொல்லிவிட்டு, மோர் கொண்டுவந்த பையனைக் கை காட்டி என் இலைக்கு அனுப்பினான்.